நாவல்மடுவில் நின்ற வண்டி

தனகோடியை நாவல்மடுவுக்கு அழைத்துப் போனபோது ஆறு நாள் வேலை என்றுதான் சொன்னார்கள். 1955, புரட்டாசி கடைசி. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம், ஒரு ஜோடி மாடு, ஒரு பார வண்டி, மனைவி சம்பூர்ணம். நாற்று விட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆறு நாளில் திரும்பினால் உழவுக்குச் சரியாக இருக்கும். அந்த இடைவெளியில் நாலு காசு பார்க்கலாம் என்று கிளம்பினார்.

நாவல்மடு செங்கல்பட்டுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கிறது. இரண்டு மலைகளைப் பிளந்துகொண்டு ஓர் ஆறு வருகிறது. இருபுறமும் ஆளுயரத்தைப் போல் பத்து மடங்கு உயரப் பாறை. பாறை வெடிப்பிலெல்லாம் மரம். ஓரிடத்தில் ஆறு அகன்று மடுவாகத் தேங்குகிறது. கரையில் நாவல் மரங்கள், அவற்றின் கீழே கட்டில் போட்டதுபோல் சமமான மணல். சத்தம் என்று சொன்னால் தண்ணீர்ச் சத்தம், பறவைச் சத்தம், அவ்வளவுதான். அங்கே அணை கட்ட முடியுமா என்று பார்க்க அரசாங்கத்தில் ஓர் இலாகா ஆள் அனுப்பியது. மழைக்காலத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தினம் அளக்க வேண்டும். அளப்பவர் ஓவர்சியர் ராஜகோபாலன். மதுராந்தகம் கோயில் தெருக்காரர், இருபத்தெட்டு வயது. கூடாரம் அடிக்கவும் அளவுகோல் பிடிக்கவும் சாலமோன் என்ற லாஸ்கர். சமையலுக்கு உப்பிலி.

கூடாரம், பெட்டி, பாத்திரம் எல்லாம் மூன்று வண்டிகளில் வந்து இறங்கின. ஒரு வண்டி மட்டும் முகாமிலேயே இருக்க வேண்டும். அளவைக் கருவி காட்டுக்குள் இருக்கும்வரை வண்டியும் இருக்க வேண்டும் என்பது விதி.

"யார் மாடு காடு மேடு தாங்கும்?" என்று ராஜகோபாலன் கேட்டார்.

மற்ற இரண்டு வண்டிக்காரர்களில் ஒருவர் கடையாணியைச் சரிபார்க்கத் தொடங்கினார். மற்றவர் மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். தனகோடிக்குத் தன் மாடுகளைப் பற்றி யாராவது கேட்டால் சும்மா இருக்க வராது.

"என் மாடு மல மேலயே ஏறும் சாமி" என்றார்.

அன்றைக்கே மற்ற இரண்டு வண்டிகளும் போய்விட்டன.

முதல் ஆறு நாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் மாட்டை மடுவில் குளிப்பாட்டுவார். புல் தாராளம். உப்பிலி இரண்டு வேளையும் வயிறு நிறையப் போட்டார். பகல் முழுவதும் நாவல் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். ஏழாம் நாள், பெரிய என்ஜினீயர் வந்து பார்த்த பிறகுதான் முகாமைக் கலைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய், வியாழன் ஆயிற்று. வியாழன், அடுத்த வாரம் ஆயிற்று. 'இன்னும் நாலு நாளில் வருகிறேன்' என்று தனகோடி ஊருக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். ராஜகோபாலன் எழுதிக் கொடுத்தார். நாலு நாளும் போயிற்று.

"ஜனங்க கைக்காசு போட்டு ஊட்டி, கொடைக்கானல்னு போறா" என்றார் உப்பிலி, அரிசி களைந்துகொண்டே. "நோக்கு சர்க்கார் செலவுல கெடைச்சிருக்கு. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுண்டிருக்கே?"

"அண்ணாத்த குந்திகினு ஆத்தையே பாத்துகினு கீறாரு" என்றார் சாலமோன். "ஆத்துல இன்னாவோ எழுதிகீது போல."

தனகோடி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாற்றுக்கு முப்பத்து நாலு நாள். முற்றுவதற்குள் நட்டாக வேண்டும். வயலில் சேறு கலக்கிச் சமன்படுத்தக் குறைந்தது எட்டு நாள் உழ வேண்டும். அந்த வட்டாரத்தில் இந்த நேரத்தில் எந்த மாடும் சும்மா நிற்காது; யாரும் யாருக்கும் ஏர் தர முடியாது. சம்பூர்ணம் எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது.

பன்னிரண்டாம் நாள், ராஜகோபாலனும் சாலமோனும் ஆற்று மேட்டுக்குப் போயிருந்தபோது, தனகோடி வண்டியைப் பூட்டினார். இரண்டு மைல் தள்ளிக் காட்டு எல்லையில் பாதைக்குக் குறுக்கே சங்கிலி. சங்கிலிப் பக்கத்துக் குடிசையிலிருந்து காட்டுக் காவலர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாஸ் கீதா?"

"கேம்ப் வண்டிபா இது. உன் கண்ணு முன்னாலதான் உள்ள வந்துச்சு."

"உள்ள வந்தது மூணு. வெளிய போனது ரெண்டு. மூணாவது வண்டி கேம்ப் சாமானோடதான் போவணும்னு பாஸ்ல எழுதிகீது. சாமான் எங்க?"

"சாமான் அங்கியே கீது. நா மட்டும் போறேன். நாத்து முத்திகினு போவுது."

காவலருக்கும் நிலம் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

"நீ போ. உன்ன யாரு புடிச்சாங்க? மாடும் வண்டியும்தான் போவக்கூடாது."

"மாடு இல்லாம போயி? என் கழுத்துல ஏரப் பூட்டிக்கிறதா?"

"அதுக்கு நா இன்னா பண்ணுவேன் நைனா" என்றார் காவலர். அது உண்மைதான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாள் ராஜகோபாலன் முன்னால் போய் நின்றார். சுற்றி வளைக்காமல் கேட்டார். ராஜகோபாலனும் சுற்றி வளைக்கவில்லை.

"வேற வண்டி கேட்டு ரெண்டு தடவ எழுதிட்டேன் தனகோடி. நடவு சமயத்துல எந்த ஊர்லயும் வண்டி தரமாட்டேங்கறா. வண்டி இல்லாம கருவிய இங்க வெச்சிண்டேன்னா என் வேலை போயிடும். பெரியவர் ஒரு தடவ வந்து பாத்துட்டார்னா அன்னிக்கே கூடாரத்தப் பிரிச்சுடலாம். வர வெள்ளிக்கிழமை நிச்சயம்னு கடுதாசி வந்திருக்கு."

அங்கேதான் தனகோடிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் ஊரில் வருஷா வருஷம் நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு அதிகாரி வருவார். ஊரே கூடிப் பந்தல் போட்டு, தோரணம் கட்டி, இளநீர் வெட்டிக் கொடுக்கும். மனம் குளிர்ந்த அதிகாரி வெயில் ஏறும் முன்பே எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மோர்கூடக் கொடுக்காமல் விட்ட பக்கத்து ஊரில் மூன்று நாள் உட்கார்ந்து குடைந்தெடுத்தார். இது தனகோடி கண்ணால் கண்டது.

"பெரியவரு மனசு குளுந்து போவணும்" என்று சாலமோனிடம் சொன்னார். "குளுந்தா, தூக்கிடுன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுவாரு."

"குளுர வெச்சிட்டா போச்சு மச்சான்" என்றார் சாலமோன்.

நாலு நாள் மூவரும் ஓய்வெடுக்கவில்லை. தனகோடி வண்டி வண்டியாக வெள்ளை மணல் கொண்டுவந்து கூடாரங்களைச் சுற்றிக் கொட்டினார். மடுவுக்கு இறங்கப் பாறைப் பலகைகளை அடுக்கிப் படி கட்டினார். சாலமோன் ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மரத்துக்கு மரம் தழைத் தோரணம். உப்பிலி, கடிதம் கொண்டுவரும் செங்கல்பட்டு ஆளிடம் சொல்லியனுப்பி முந்திரியும் நெய்யும் வரவழைத்தார். கடைசியாகத் தனகோடி தன் மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சிவப்பும் நீலமும் பூசி, கழுத்தில் மணி கட்டினார். ராஜகோபாலன் இதையெல்லாம் பார்த்துத் தன் ஒரே கோட்டை எடுத்துத் தட்டிவைத்தார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெரிய என்ஜினீயர் சொன்ன நாளில் வந்தார். ஜீப் சங்கிலி வரைதான் வரும். அதற்கப்பால் தனகோடியின் வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். மாடுகள் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோயின. அவர் படியில் இறங்கி மடுவில் கால் நனைத்தார். பாறையை அண்ணாந்து பார்த்தார். உப்பிலியின் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நாவல் நிழலில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

தனகோடி பத்தடி தள்ளித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ராஜகோபாலன், எத்தனையோ கேம்ப் பாத்திருக்கேன். இப்படி ஒரு கேம்ப்பை நான் பாத்ததில்லை" என்றார் பெரியவர். "இதைக் கலைக்கிறது பாவம். பயிற்சிக்கு எட்டு பேர் புதுசா வந்திருக்கான்கள். எங்கே அனுப்பறதுன்னு யோசிச்சுண்டிருந்தேன். இங்கேயே அனுப்பறேன். ஒரு பதினஞ்சு நாள் இருந்து கத்துக்கட்டும்." சங்கிலியிடம் வண்டியிலிருந்து இறங்கி, ஜீப்பில் ஏறும் முன் மாட்டின் முதுகைத் தட்டினார். "இந்த வண்டியை மட்டும் விட்டுடாதே."

ராஜகோபாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜீப் கிளம்பிவிட்டது.

வண்டி முகாமுக்குத் திரும்பியது. சாலமோன்தான் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் அசிங்கமா வெச்சிருந்திருக்கலாம் மச்சான்."

உப்பிலி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். தனகோடி மாட்டின் கழுத்து மணிகளை அவிழ்த்து வண்டிக்கு அடியில் போட்டார்.

எட்டுப் பேரும் திங்கட்கிழமை வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மடுவில் நீந்தினார்கள், பாறையில் ஏறிக் கத்தி எதிரொலி கேட்டார்கள், சாயங்காலம் கும்பலாகப் பாடினார்கள். தனகோடியை 'அண்ணாத்த' என்று கூப்பிடவும் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய படுக்கையும் பெட்டியும் மலை மேலும் கீழும் அவர் வண்டியில் போயின. மழை வந்தது. ஆற்றில் நீர் ஏறியது. ராஜகோபாலன் தினம் மூன்று வேளை அளந்து நோட்டில் எழுதினார். ஒவ்வொரு மழைக்கும் தனகோடி மதுராந்தகம் ஏரியை நினைத்தார். ஏரி நிறைந்திருக்கும். மதகு திறந்திருப்பார்கள். அவர் வயலில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும், உழுவார் இல்லாமல்.

இருபத்தாறாம் நாள் முற்பகலில் சம்பூர்ணம் வந்தாள். செங்கல்பட்டு வரை பஸ், அப்புறம் ஆறு மைல் நடை. முழங்கால் வரை சேறு. இடுப்பில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம். வெள்ளை அடித்த கற்களையும் தோரணத்தையும் பார்த்தாள். மாட்டின் கொம்பைப் பார்த்தாள்.

"இன்னாயா, இங்க மட்டும் பொங்கலு வந்துட்ச்சா?"

தனகோடி எழுந்து நின்றார். "எப்டி வந்த? தனியாவா வந்த?"

"கார்டு போட்டியே, நாலு நாள்ல வரேன்னு. அதப் புடிச்சிகினு வந்தேன்."

"அவங்க வுடல சம்பூர்ணம்."

"தெரியுது. மாமியா வூட்டு விருந்தாட்டம் நல்லாத்தான் வெச்சிகிறாங்க."

உப்பிலி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போனார். சம்பூர்ணம் குடித்து முடித்து, பொட்டலத்தை அவிழ்த்தாள். ஒரு பிடி நாற்று. ஒன்றை உருவி அடித்தண்டை நகத்தால் கீறிக் காட்டினாள். தண்டில் கணு விழுந்திருந்தது. கணு விழுந்த நாற்றை நட்டால் தூர் கட்டாது. நட்ட தண்டே வெறுமனே நின்று பதராகும்.

"கேக்காத எடம் இல்ல. கண்ணாயிரம் வூட்ல கேட்டேன். அப்ப அவங்க நெலமே பாதி கெடந்துச்சு. கழனில தண்ணி முட்டிக்கால் மட்டும் நிக்கிது. சுத்தி அல்லாரும் நட்டுட்டாங்க, நம்ம துண்டு மட்டும் கொளமாட்டம் கீது."

"இப்ப வந்து உழுதா..."

"உழுது? இன்னாத்த நடுவ?"

ராஜகோபாலன் அளவு நோட்டோடு ஆற்றிலிருந்து ஏறி வந்தார். சம்பூர்ணம் கையிலிருந்ததைப் பார்த்ததும் நின்றார். அவர் வீட்டுக்கும் ஏரிக்குக் கீழே குத்தகை நிலம் உண்டு. நாற்றை வாங்கி, தண்டைத் தானும் தடவிப் பார்த்தார். கூடாரத்துக்குள் போய், ஒரு தாளில் வேகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தார்.

"பாஸ். வண்டியப் பூட்டிண்டு கெளம்பு. யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். வேலை போனா போகட்டும்."

தனகோடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பத்து நாளு முன்னாடி குடுத்திருந்தா உங்க கால்ல வுழுந்திருப்பேன் சாமி" என்றாள் சம்பூர்ணம். கோபமாகச் சொல்லவில்லை. களைத்திருந்தாள்.

ராஜகோபாலன் நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு கூடாரத்துக்குள் போய்விட்டார்.

"நா உன்னக் கூட்டினு போவ வரல" என்றாள் அவள் கணவனிடம். "நாத்தங்கால்ல நாத்து நிக்கிறப்போ பொம்பள போயி அருவா வெக்கக்கூடாது. வெதச்ச கை சொல்லணும். உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. அறுத்து அக்கம்பக்கத்து மாட்டுக்காவது போடறேன். அழுகவுட எனக்கு மனசு வரல."

ஊரில் அதுதான் வழக்கம். நடாத நாற்றை அறுப்பது நிறைசூலியின் மேல் கை ஓங்குவதுபோல. விதை தெளித்தவர் சொன்னாலொழிய யாரும் செய்ய மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு மைல் நடந்திருக்கிறாள். தனகோடி தலையை ஆட்டினார்.

"தலைய ஆட்டினா ஆச்சா? வாயத் தொறந்து சொல்லு."

மடுவில் பையன்கள் யாரையோ தூக்கித் தண்ணீரில் போட்டுச் சிரித்தார்கள்.

"அறுத்துடு" என்றார் தனகோடி.

அவள் கையிலிருந்த நாற்றை மாடுகளுக்கு முன்னால் வைத்தாள். இடத்து மாடு ஒரே வாயில் இழுத்தது.

செங்கல்பட்டில் நாலு மணிக்கு பஸ். அவளை உட்கார வைத்து வண்டியை ஓட்டினார். இடுப்பில் பாஸ் இருந்தது. ஊரில் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. இங்கே இருந்தால் நாள் வாடகையாவது வரும். அதை வைத்துத்தான் தைக்கு அப்புறம் நவரைப் பயிருக்கு விதை வாங்க வேண்டும். இருவரும் வழியில் பேசியது அதைப் பற்றித்தான். மாட்டை வீணாக அலைக்க வேண்டாம் என்று சங்கிலியிடமே அவள் இறங்கிக்கொண்டாள். காவலர் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தனகோடி பாஸை எடுத்துக் காட்டினார். காவலர் படித்துவிட்டு, சந்தோஷமாகவே சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"போ நைனா, போ. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

சம்பூர்ணம் சங்கிலியைத் தாண்டி நடந்தாள். பாதை திரும்பும் இடத்தில் அவள் மறையும்வரை தனகோடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாட்டைத் தட்டி, வண்டியைக் காட்டுப் பக்கமே திருப்பினார்.