பந்தைத் தொடாத மாமா

எங்கள் வீட்டில் மாமியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. அண்ணாவும் நானும் நடக்கப் பழகியதைப் போல அதையும் பழகியிருந்தோம்.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. கனடாவுக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரரைத் திருமணம் செய்துகொண்டார். அப்பாவைக் கேட்காமல் செய்திருந்தால் கூட அவ்வளவு பெரிய குற்றமாக இருந்திருக்காது. கேட்டார், அப்பா கூடாது என்றார், அதன் பிறகும் செய்துகொண்டார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. எனக்குப் பத்து வயதாகும் வரை மாமி என்பவர், அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பாவுக்குத் தெரியாமல் அட்டை அனுப்பும் ஒரு விலாசம். அப்பாவுக்கு அது தெரியும் என்பதும், தனக்குத் தெரியும் என்று அவர் காட்டிக்கொள்வதில்லை என்பதும் அம்மாவுக்கும் தெரியும்.

அப்பா எலெக்ட்ரீஷியன். அந்த வருடம், தானும் அம்மாவும் ஊரைவிட்டு வந்து குடியேறிய நகரத்தின் ஓரத்தில், வெஸ்ட்கேட்டில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அங்கே தச்சு வேலைக்கு வந்த ஒரு கனடாக்காரப் பையனோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ கதை வந்திருக்கிறது. தன் தங்கையும் கனடாவில்தான், புருஷன் ஏதோ பந்து விளையாடுகிறவராம் என்று அப்பா அலட்சியமாகச் சொல்லிப் பெயரையும் சொன்னார். அந்தப் பையன் கடித்த சாண்ட்விச்சை மெல்லாமல் அப்பாவையே பார்த்தான். பிறகு, பகிடி விடவேண்டாம் என்றான். அவர்களுடைய வீட்டு வரவேற்பறையில் யேசுவின் படம் இருக்கவேண்டிய இடத்தில் அந்த மனிதரின் பழைய சட்டைதான் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறதாம்.

அன்று அப்பா வேலைச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்குக் கை காட்டினார். எழும்பி வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார்.

அடுத்த சில வாரங்களில் மாமாவின் வாழ்க்கையை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம். வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பன் நிக்கல் தோண்டியவர். பள்ளிக்கூட வாங்கிலில் இருக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதால், ஒரு வாத்தியார் அவரைக் கனடாக்காரர் விளையாடும் ஃபுட்போலுக்கு அனுப்பினார். றக்பிப் பந்து போன்ற முட்டைப் பந்து, தலைக்கவசம், தோளில் பலகை போன்ற காப்பு, எல்லாம் வைத்து ஆடுவது அது. மெதுவாக ஓடுகிறார் என்று முதல் அணி திருப்பி அனுப்பியது. இரண்டாவது அணியும் அனுப்பியது. ஒரு பனிக்காலம் முழுக்க மர ஆலையில் தடி தூக்கினார். மூன்றாவது அணி வைத்துக்கொண்டது. விரல் முறிந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். கிண்ணம் வென்றார்கள். அவர் ஓய்வு பெற்றபோது, அவர் முதுகில் இருந்த இலக்கத்தை இனி ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்தது. அத்தனை வருடத்தில் அவர் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அப்பா ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். விருந்தினர்கள் தலையை ஆட்டுவார்கள்.

“எங்கட மச்சான்” என்ற சொல்லை அப்பா அப்போதுதான் பாவிக்கத் தொடங்கினார்.

அவரே ஃபோன் எடுத்து இருவரையும் அழைத்தார். மோர்ட்கேஜ் விஷயமாக பாங்குக்குக் கதைக்கும் குரலில் கதைத்தார் என்று அம்மா பிற்பாடு சொல்வார். மறுமுனையில் மாமி என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் வருவதாகச் சொல்லிவிட்டார்.

விமான நிலையத்தில் அப்பா பூச்செண்டை மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை உடனே மாமியிடம் கொடுத்தார். எங்கள் சிறிய காரில் மாமா ஏற முடியாது என்பதை அப்பா முன்பே யோசித்து வேலைக்குப் பாவிக்கும் வான் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். முன் இருக்கையில் மாமா. பின்னால் வயர்ச் சுருள்களுக்கு நடுவே மாமியும் நானும். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீடு வந்து சேரும் வரை மாமி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வயர்களைக் கண்டு பயப்படுகிறார் என்று நினைத்து, இதில் ஒன்றிலும் கரண்ட் இல்லை என்று ஆங்கிலத்தில் தைரியம் சொன்னேன்.

மாமா பார்க்க மலை போல இருந்தார், ஆனால் மலையைப் போல அசையாமல் இருக்கவில்லை. காலையில் எழும்பியதும் பாத்திரம் கழுவினார். அம்மா பதறிப்போய்த் துணியைப் பறித்தால் அடுத்த நாள் அவருக்கு முன்னதாக எழும்பிக் கழுவினார். முழங்கால்கள் இரண்டும் கெட்டிருந்தன. வாசல் மரப்படிகளில் இறங்கும்போது பக்கவாட்டாக, ஒரு நண்டைப் போல இறங்குவார். கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன.

அண்ணா அப்போது பள்ளிக்கூடத்து றக்பி அணியில் இருந்தான். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து மொத்தம் எத்தனை ட்ரை அடித்தீர்கள் என்று மாமாவைக் கேட்டான். ஒன்றும் இல்லை என்றார் மாமா. பந்தோடு எவ்வளவு தூரம் ஓடினீர்கள்? ஓடவே இல்லை. ஒரு தடவை பந்து தவறி முன்னால் வந்து விழுந்தது, அதன் மேல் படுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்றார். பிறகு சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் வைத்து விளக்கினார். அவருக்குப் பின்னால் ஒருவன் பந்தோடு நிற்பான். அவன் பந்தை எறியும் வரை எதிரணியில் ஒருவரும் அவனைத் தொடக் கூடாது. தொட வருகிறவர்களை மறித்துக்கொண்டு நிற்பதுதான் மாமாவின் வேலை. வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார்.

அண்ணா யோசித்துவிட்டு, றக்பியில் அது ஒப்ஸ்ட்ரக்ஷன், அப்படி மறிப்பது பிழை, பெனால்டி கொடுப்பார்கள் என்றான். மாமா மேசை குலுங்கச் சிரித்தார். உங்கள் நாட்டில் பிறந்திருந்தால் என்னை ஜெயிலில் போட்டிருப்பார்கள் என்றார்.

இந்த விளக்கம் நடந்தபோது அப்பாவும் அங்கேதான் இருந்தார். ஆனால் அவர் கேட்க விரும்பியது அதுவல்ல.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்துத் தமிழ் ஆட்களின் வருடாந்த விளையாட்டுப் போட்டி. நியூ லின் பக்கம் ஒரு மைதானம். கனடாவின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர் பிரதம விருந்தினராக வருகிறார் என்று அப்பா ஃபாதரிடம் சொல்ல, ஃபாதர் பூசை முடிவில் அறிவித்துவிட்டார். அப்பா பொய் சொல்லவில்லை. அந்த விளையாட்டுக்குத் தமிழில் வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உதைபந்து உதைத்து வளர்ந்த ஆண்களுக்கு உதைபந்தாட்டம் என்றால் ஒன்றுதான். அவர்கள் கோல் கம்பம் நட்டு, வலை கட்டி, பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிலர் ஃபோனைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா பந்தைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். தான் பந்தை உதைத்ததே இல்லை என்று மெல்லச் சொன்னார். தன்னடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

“சும்மா ஒண்ணு தட்டுங்க சார், போதும்” என்றார் பாடகர் குழுவை நடத்தும் நாகர்கோவில்காரர்.

மாமா தட்டினார். முழங்கால் மடங்க மறுத்தது. பந்து உருண்டு உருண்டு போய், கோலுக்கு முன்னாலேயே களைத்து நின்றது. கோல்காப்பாளர் இரண்டடி முன்னால் வந்து மரியாதையோடு அதை எடுத்துக்கொண்டார். ஃபோன்கள் கீழே இறங்கின.

அண்ணாதான் ஓடிப்போய் வான் வண்டியிலிருந்து றக்பிப் பந்தைக் கொண்டுவந்தான். அதைக் கண்டதும் மாமாவின் முகம் மாறியது. பந்தை அண்ணாவிடமே கொடுத்து, தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பிறகு அங்கே நின்ற ஆண்களையெல்லாம் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைத் தொடுங்கள் பார்ப்போம் என்றார்.

ஒருவராலும் முடியவில்லை. படியிறங்கச் சிரமப்பட்ட அந்த மனிதர், கைகளை மார்போடு வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடிகளாக இடமும் வலமும் நகர்ந்தார். தள்ளவில்லை, பிடிக்கவில்லை. போகிற பக்கமெல்லாம் அவர் இருந்தார். மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். அவர்களும் அவருடைய வயிற்றில் மோதி நின்றார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் தொண்டை கிழிய “ஒப்ஸ்ட்ரக்ஷன்! ஒப்ஸ்ட்ரக்ஷன்!” என்று கத்தினோம். அதைவிடச் சந்தோஷமான பகல் எனக்குக் கிடைத்ததில்லை.

பெரியவர்களுக்கு அப்படியில்லை. ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவிடம், “அப்ப உங்கட மச்சான் பந்தைத் தொடாமலோ பேரெடுத்தவர்?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அப்பா சிரித்ததை மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் நல்ல வெயில். மாமா வாசல் படியில் முழங்கால்களில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குசினியில் அப்பா அம்மாவிடம், “மானம் போச்சு. ஒழுங்கா ஒரு அடி அடிச்சிருக்கலாம்” என்றார். மாமி கதவடியில் நின்றதை அவர் காணவில்லை.

“அண்ணா” என்று அப்பாவைக் கூப்பிட்டார் மாமி. “அவர் ஒரு மாட்ச்தான் விளையாடேல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லுறீங்கள். ஏன் விளையாடேல்லை எண்டு கேட்டனீங்களோ?”

“காயமாக்கும்” என்றார் அப்பா.

“எங்கட அம்மாவை அடக்கம் செய்த நாள் அது. சண்டையால ஊருக்குப் பாதை பூட்டு. உங்களுக்கும் போக ஏலாது, எனக்கும் போக ஏலாது. நான் உங்களுக்கு ஃபோன் எடுத்தனான். என்ர குரலைக் கேட்ட உடனே வைச்சிட்டீங்கள். அண்டைக்கு இந்த மனுசன் மாட்சுக்குப் போகாமல் என்னோட நிலத்தில இருந்தவர். ஒரு வார்த்தை கதைக்கேல்லை. சும்மா பக்கத்தில இருந்தவர்.”

அம்மா அடுப்பை அணைத்தார்.

“நீங்கள் கூப்பிட்டது என்னை இல்லை, அண்ணா. நெட்டில வாசிச்ச ஆளைத்தான் கூப்பிட்டனீங்கள்.”

மாமி அழவில்லை. விமானம் புறப்படும் வரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

அப்பா பின்வளவுக்குப் போனார். ஜன்னலால் பார்த்தேன். குழாயைத் திறந்து எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டார். தண்ணீர் பாத்தியை நிறைத்து, புல்லில் வழிந்து, அவருடைய சப்பாத்தைச் சுற்றி நின்றது. அவர் நகரவில்லை. போய் அப்பாவைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அம்மா தலையை ஆட்டினார்.

மாமி பெட்டியை நடைக்கு இழுத்து வந்து ஃபோனைக் கையில் எடுத்த நேரம், பின்கதவு அடித்துத் திறந்தது. அப்பா ஈரச் சப்பாத்தோடு, கம்பளத்தை மிதித்துக்கொண்டு வந்தார்.

“எங்கையடி வெளிக்கிடுறாய்?” என்று கத்தினார். “சாப்பிடாமல் கொள்ளாமல் எங்க போறாய்? வையடி பெட்டியை! விசரி!”

வந்த நாளிலிருந்து அப்பா மாமியை “வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ” என்றுதான் கதைத்தார். அவ்வளவு மரியாதையாக இருந்தவர் இப்போது, அதுவும் கனடாவிலிருந்து வந்த விருந்தாளியை, “அடி” என்றும் “விசரி” என்றும் சொல்கிறார். எங்களைக் கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

மாமி பெட்டியை விடவில்லை. அப்பாவின் குரல்தான் திடீரென்று உடைந்தது.

“அண்டைக்கு ஃபோனை வைச்சிட்டு நான் பக்கத்திலேயே இருந்தனான். நீ திருப்பி எடுப்பாய், திருப்பி எடுப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஏனடி எடுக்கேல்லை?”

மாமி அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டார். அப்பா தலைக்கு மேலே நின்று இன்னும் ஏதேதோ ஏசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மாமி சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டதைப் பற்றிக் கூட ஏசினார்.

சத்தம் கேட்டு மாமா வாசல் படியிலிருந்து எழும்பி உள்ளே வந்திருந்தார். இனி அப்பாவுக்கு நல்ல ஏச்சு விழும் என்று நான் நினைத்தேன். மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தரையில் இருந்த மாமியைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய் அதைத் திரும்ப அறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. “அப்பா, தட்ஸ் ஸோ ரூட்! ஸே ஸாரி டு மாமி!” என்று காலை உதைத்துக் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

மாமி முகத்திலிருந்து கையை எடுத்தார். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மேலும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடப் போனார். எனக்கு அவர்கள் எல்லோர் மீதும், முக்கியமாக மாமா மீது, கோபம் கோபமாக வந்தது.

அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். மாமாவுக்குத் தமிழில் ஒரு சொல் கூடத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தவர் அவர்தான். அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று சாப்பிடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.