கூறைச் சேலை நிறத்தில் ஒரு கார்

கல்யாணம் முடிந்து காருக்குள் ஏறியதும் என் மனைவி என்னிடம் சொன்ன முதல் வசனம், "இதென்ன, செத்தவீட்டுக்குப் போற கார் மாதிரி" என்பதுதான். அதுவரைக்கும் அவள் வாயிலிருந்து நான் கேட்டவை இரண்டே இரண்டு. பெண் பார்க்கப் போன அன்று "ஓம்" என்றாள். மணவறையில் "புகை கண்ணுக்குள்ள போகுது" என்றாள். இரண்டும் எனக்குச் சொன்னவை அல்ல.

கார் என் தகப்பனாருடையது. இங்கிலாந்தில் செய்த, முதுகு உருண்ட பழைய கார். அந்தக் காலத்து இலக்கத் தகடு, நடுவில் ஸ்ரீ எழுத்து இருக்கும். நிறம் சாம்பல். நான்கு முழம் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, கொழும்பில், வெள்ளவத்தை மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பூ வைத்ததும்தான் செத்தவீட்டுச் சாயல் கூடிவிட்டது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கின்றன.

கார் காலி வீதியில் ஏறியபோது, அரக்கு நிறக் கூறைச் சேலையின் தலைப்பை மடியில் ஒதுக்கிக்கொண்டு அவள் மறுபடியும் சொன்னாள்: "இதுக்கு இந்த நிறம் அடிச்சால் எவ்வளவு வடிவாய் இருக்கும்."

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அதையே சொன்னாள். நானும் இருபத்தெட்டு வருஷம் ஒரே பதிலைச் சொன்னேன். "இது அசல் நிறம். கொம்பனி அடிச்சது. இதில கை வைச்சால் பழைய கார் இல்லை, பழைய இரும்பு." ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலில் பழைய கார்க்காரர்கள் சிலர் கூடுவோம். ஒருவருடைய காரை மற்றவர் சுற்றி வந்து, குனிந்து, கதவு விளிம்பை விரலால் தடவி, "ஒரிஜினலோ?" என்று கேட்போம். என் காரைத் தடவியவர்கள் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காக ஒரு பெண்ணின் ஆசையை இருபத்தெட்டு வருஷம் ஒத்திவைத்த பெருந்தகை நான்.

போன வருஷம் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அவள் கனடாவுக்குப் போனாள். பெட்டி அடுக்கும்போது மகள் அங்கிருந்து சொன்னாள்: "அம்மா, உங்கட கூறையைக் கொண்டு வாங்கோ. எனக்கு ஏணை கட்டினமாதிரி பிள்ளைக்கும் அதிலயே கட்டுவம்." உண்மைதான், மகள் பிறந்தபோது அந்தக் கூறையைத்தான் உத்தரத்தில் தொங்கவிட்டுத் தொட்டிலாகக் கட்டினோம். மனைவி அலுமாரியைத் திறந்து கூறையை எடுத்தாள். மடியில் வைத்து யோசித்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

"பெட்டி துலைஞ்சால் என்ன செய்யிறது? அது இஞ்சயே கிடக்கட்டும். நான் திரும்பி வரத்தானே போறன்."

மூன்று மாதம் என்று போனவள். பிள்ளை பிறந்தது. மூன்று நான்காகி, நான்கு ஆறாகியது. ஒவ்வொரு முறையும் "இஞ்சாருங்கோ, இன்னும் ஒரு மாசம்" என்பாள். நானும் "ஓம் ஓம், ஆறுதலாய் வாரும்" என்று சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைப்பேன். வைத்த கையோடு போய் அலுமாரியைத் திறப்பேன். கூறை இருக்கும். பூச்சி உருண்டை மணக்கும். கூறை இங்கே இருக்கும்வரை அவள் வருவாள் என்பது என் கணக்கு. மற்றவர்கள் விமானச் சீட்டில் திகதியைப் பார்ப்பார்கள். நான் பூச்சி உருண்டையை மணந்து பார்ப்பேன். இடியப்பக் கடையில் இருபது வாங்கிக்கொண்டிருந்தவன் பத்துக்கு இறங்கினேன். கடைக்காரர் "அக்கா இன்னும் வரேல்லையோ?" என்று கேட்கத் தொடங்கியதும் இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கினேன்.

எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கை கடற்கரைப் பக்கம். உப்புக் காற்று ஆளைவிடக் காரைத்தான் அதிகம் தின்னும். கதவுகளின் அடியில் துரு கொப்புளித்து, தட்டினால் பொருபொருவென்று கொட்டத் தொடங்கியிருந்தது. கொட்டாஞ்சேனையில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒருவர் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார். அறுபது வயது மனிதர். துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடித்துத் தொழில் பழகியவர். காரைச் சுற்றி வந்து முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும் என்றார்.

"அதே சாம்பல்தானே அண்ணே?"

"இல்லை" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவள் தள்ளுவண்டியோடு வெளியே வருகிறாள், கூறை நிறத்தில் கார் நிற்கிறது, அவள் வாயைப் பொத்துகிறாள். இந்தக் காட்சி முழுவதும் அந்த ஒரு நொடிக்குள் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது.

"அப்போ என்ன கலர்?"

"கூறைச் சேலை நிறம்."

அவர் நிற அட்டையைக் கொண்டுவந்து விரித்தார். அதில் முப்பது சிவப்பு இருந்தது. எல்லாம் கூறை மாதிரியும் இருந்தது, எதுவும் கூறை மாதிரி இல்லாமலும் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் பார்த்த சேலையின் நிறம் தெரியவில்லையே என்று வியர்த்துவிட்டது எனக்கு. புத்தியுள்ள மனிதன் ஒரு படம் எடுத்துக் காட்டியிருப்பான். நான் அடுத்த நாள் காலை கூறையையே ஒரு கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போய் இறங்கினேன்.

"என்ன அண்ணே, காருக்குத் தாலியும் கொண்டு வந்தீங்களா?" என்றார் அவர்.

என்றாலும் மனிதர் தொழிலில் கெட்டி. மூன்று தடவை கலந்தார். ஒரு பழைய தகரத்தில் அடித்து வெயிலுக்குக் கொண்டுபோனார். "சேலையைக் கிட்ட வைக்க வேணாம் அண்ணே. தள்ளி நின்னு காட்டுங்க, போதும்."

நான் கேட்பேனா? இதை எப்படி மடித்தபடி காட்டுவது, விரித்தால்தானே அழகு என்று இரண்டு கையாலும் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு தகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். துறைமுகப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. கூறை எழும்பியது. எழும்பி, ஆறுதலாக ஈரத் தகரத்தின் மேல் படுத்தது.

நிறம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அரக்குப் பகுதியில் பெயின்ற் பட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் தலைப்பில் பொன் சரிகை இருக்கிறது அல்லவா? அங்கே உள்ளங்கை அளவில் அரக்கு அப்பியிருந்தது.

அமைதியாக நின்றிருந்தால் அந்த ஒன்றோடு போயிருக்கும். நான் பெயின்ற் கரைக்கிற தின்னர்ப் போத்தலைத் தூக்கிக் கவிழ்த்துத் தேய்த்தேன். "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க!" என்று அவர் கத்தினார். அதற்குள் சரிகையின் பொன் போய்க் கறுப்பாகிவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று உடனே சேலையை மடித்தேன். யார் பார்ப்பது? கொட்டாஞ்சேனையில் என் மாமியாரா நிற்கிறார்? ஈரத்தோடு மடித்ததில் அடுத்த மடிப்பிலும் அதே அளவில் இன்னொன்று பதிந்தது.

"அண்ணே, இப்போ ரெண்டு" என்றார் அவர், மிகவும் அடக்கமாக.

வெள்ளவத்தையில் சேலை வெளுக்கும் கடைப் பெண் பையைத் திறந்து பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி பையைப் பார்த்தாள். "அண்ணை, இது கறை இல்லை. பெயின்ற். நாங்கள் சுவர் கழுவுறேல்லை." கூறையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். இப்போது பூச்சி உருண்டையோடு தின்னரும் மணத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் அவள் வந்தாள். தோளில் பேத்தி நித்திரை.

"இஞ்சாருங்கோ, கிருலப்பனையில இருக்கிற என்ர சிநேகிதி வாற கிழமை இஞ்ச வாறா. அவவிட்ட என்ர கூறையைக் குடுத்துவிடுங்கோ. இவளுக்கு ஏணை கட்டவேணும்."

"அலுமாரிச் சாவியைக் காணேல்லை" என்றேன். முதலில் வந்த பொய் அதுதான்.

"சாமிப் படத்துக்குப் பின்னால."

"பாத்தனான். அங்க இல்லை."

"எங்க, கமராவைத் திருப்புங்கோ, நான் பாக்கிறன்."

இணைப்பை நானே வெட்டிவிட்டு, "நெற் போட்டுது" என்று செய்தி அனுப்பினேன்.

இது வரைக்கும் பகிடியாகச் சொல்லலாம். அன்று நான் கதிரையில் போய் உட்கார்ந்தது பெயின்றை நினைத்து அல்ல. திரும்பி வருவேன் என்று விட்டுப் போன பொருளை இப்போது அங்கே வரச் சொல்கிறாள். கூறையையே கூப்பிட்டுவிட்டவள் இனி எதற்காக வரப்போகிறாள்? அடுத்ததாகப் பொட்டுப் பெட்டி போகும், தோசைக்கல் போகும், கடைசியில் "நீங்களும் வாங்கோவன்" என்பாள். நான் குளிர்ச் சட்டையோடு அங்கே போய் யாருக்குப் பகிடி விடுவது? அவளுக்கு ஆறுதலாய் வாரும் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வந்தது வேறு. அதைச் சிரிப்புக்குள் மறைத்து மறைத்து, அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை போலிருந்தது.

சிநேகிதி புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது கார் தயாரானது. டிக்கியின் உட்பக்கம் மட்டும் மிச்சம், பூட்டு மாற்ற வேண்டியிருந்ததால் அதைப் பிறகு அடித்துத் தருவதாகப் பெயின்ற்காரர் சொன்னார். ஓட்டிக்கொண்டு வந்து ஒழுங்கை முகப்பில், கடல் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். காலை ஏழு மணி. அவளுக்கு அங்கே முந்திய நாள் இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். அழைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கமராவைக் காரின் பக்கம் திருப்பினேன்.

"ஆற்ற கார் அது?"

"எங்கட."

படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கண் இமைத்தது தெரிந்தது.

"எங்கட கார் சாம்பல் எல்லோ" என்றாள்.

"நீர்தானே இருபத்தெட்டு வருஷமாய்..."

"ஓம், நான்தான் சொன்னனான். செத்தவீட்டுக் கார் எண்டு சொன்ன வாய்தான் இது." யன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "இஞ்ச ரோட்டில போறதெல்லாம் சாம்பல் கார்தான். யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பன். ஒவ்வொண்டு திரும்பேக்கையும், விசரி மாதிரி, நீங்கள்தான் வாறியள் எண்டு ஒருக்கால் நினைப்பன். இவளை நித்திரையாக்கிறதும் அதைச் சொல்லித்தான். தாத்தாவின்ர சாம்பல் கார் வருது, வருது எண்டு."

நான் வாயைத் திறந்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை. வந்தது வேறொன்று.

"கூறையில பெயின்ற் பட்டுட்டுது."

"என்ன?"

"நிறம் பார்க்கக் கொண்டுபோனனான். தலைப்பில. இரண்டு இடத்தில. பிறகு தின்னரும் போட்டனான்."

"சாவி காணேல்லை எண்டது?"

"பொய்."

"நெற் போட்டுது?"

"அதுவும்."

அவள் ஏசப்போகிறாள் என்று தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஏசவில்லை. சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பின்னால் மகள் "என்னம்மா?" என்று கேட்பதும், "உன்ர கொப்பர் என்ர கூறையையும் காருக்கு உடுத்திப் பாத்திட்டார்" என்று இவள் சொல்வதும் கேட்டது.

"நீர் திரும்பி வரமாட்டீர் எண்டு நினைச்சிட்டன்" என்றேன். ஏழு மாதத்தில் பகிடி கலக்காமல் நான் சொன்ன முதல் வசனம் அது.

"ஏணை கட்ட ஒரு சேலை கேட்டன். அதுக்குள்ள நீங்கள் எனக்குச் செத்தவீடே நடத்தி முடிச்சிட்டியள்." பிறகு குரல் தணிந்தது. "சாம்பல் கொஞ்சமும் மிச்சம் இல்லையே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். உள்ளே, மூடியின் அடிப்பக்கம் முழுவதும், தகப்பனார் வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத அதே சாம்பல். ஓரத்தில் எங்களுடைய கல்யாணப் பெட்டி உரசிய கீறலும் இருந்தது. கமராவை அதற்குக் கிட்டப் பிடித்தேன். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கை உளைந்தது. நான் மாற்றிப் பிடிக்கவில்லை.

"கூறையைக் குடுத்துவிட வேண்டாம்" என்றாள் கடைசியில். "நான் வந்து பாக்கிறன். உங்களை நம்பி ஒரு துணி விடேலாது."

"எப்ப?"

"தைப்பொங்கலுக்கு முதல். இவள் தவழத் தொடங்கிட்டாளெண்டால் வெளிக்கிடுவன்."

பிள்ளைகள் எந்த மாதத்தில் தவழும் என்று அன்றைக்கே மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

வாகனப் புத்தகத்தில் நிறம் இன்னும் சாம்பல் என்றுதான் இருக்கிறது. மாற்றிப் பதிய வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறேன். காலி வீதியில் பொலிஸ்காரரைக் கண்டால் குளிக்காமலே நனைந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலுக்குப் போனேன். பழைய நண்பர் ஒருவர் கதவு விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டாமல் கையைத் துடைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று பட்டது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

போன கிழமை பெயின்ற்காரர் அழைத்தார். "அண்ணே, பூட்டு வந்துட்டுது. கொண்டு வாங்க, டிக்கியோட உள்பக்கத்தையும் அடிச்சு முடிச்சிருவோம்."

"வேண்டாம். அது அப்பிடியே கிடக்கட்டும்."

"ஏன் அண்ணே, பாதிக் கல்யாணத்தோட நிப்பாட்டுறீங்க?"

"மிச்சத்துக்குப் பொம்பிளை வரவேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இடியப்பம் வாங்கப் போனேன், பழைய கடைக்கே.