குறுக்கே வைத்த பாத்திரம்

தெருவில் அவரை ஓவன்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் இந்த நாட்களிலும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஊரிலேயே பெரிய பேக்கரியில் ஓவன் அவர் பொறுப்பில் இருந்தது. வாழ்க்கையில் பாதி நாள் அனல் முன்னால் நின்றவர் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் அவருடைய முன்னங்கைகளைப் பார்த்தால் போதும். பொசுங்கிய முடி அப்புறம் முளைக்கவே இல்லை.

அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வினையே அதில்தான் இருந்தது. ஓவனிலிருந்து வரும் தட்டுகளை இரும்பு அலமாரியில் நீளவாக்கில் செருகி வைப்பது பேக்கரி வழக்கம். வேகாதது, கருகியது, உப்பாமல் படுத்துக்கொண்டது என்று எந்தத் தட்டு சரியில்லையோ அதை மட்டும் ஓவன்காரர் குறுக்கே திருப்பி மேசையில் தனியாக வைப்பார். கடைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதைத் தொட மாட்டார்கள். மாவு பிசைந்தவன் வந்து பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய்த் திரும்புவான். ஒரு வார்த்தை கிடையாது. அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

இந்தக் கதையை அவர் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, அது வீட்டுக்குள்ளும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தால் மகள் வாயைத் திறக்க மாட்டாள். மதிப்பெண் அட்டையை மேசைமேல் குறுக்கே வைத்துவிட்டு நழுவிவிடுவாள். மனைவியும் சிரிப்பாள். மழைக்கு ஒழுகும் ஜன்னலைப் பற்றிக்கூட, "இந்த வீட்டையே குறுக்கே திருப்பி வைக்கணும்" என்பாள்.

மனைவிக்கு சோப்புத் தொழிற்சாலையில் வேலை, பேக்கிங் பிரிவு. நாள் முழுக்க எலுமிச்சை வாசனை, மல்லிகை வாசனை என்று எல்லாம் பொய் வாசனை. வீட்டிலோ ரொட்டி, கேக், பன் எல்லாமே புருஷன் கொண்டுவந்துவிடுவார். அதனால் அந்த வீட்டு ஓவனுக்கு வேலையே இல்லை. அதற்குள் வாணலியையும் தோசைக்கல்லையும் அடுக்கி வைத்திருந்தாள். ஓவன்காரர் வீட்டு ஓவன் பாத்திரம் வைக்கிற அலமாரி என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஒரு கோடையில் அவள் அந்தப் பாத்திரங்களையெல்லாம் வெளியே இறக்கினாள். கூட வேலை செய்யும் ஒருத்தி வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துக்கொண்டு, பிளம்ஸ் பழத்தில் காப்ளர் என்று ஒரு இனிப்பு செய்யப் போகிறேன் என்றாள். சந்தையில் மிஞ்சிப்போய், அமுக்கினால் அமுங்குகிற பழங்களாகப் பார்த்து வாங்கி வந்தாள். அவற்றை நறுக்கிச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நீளமான கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினாள். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, பால் ஊற்றி, கரண்டியால் இரண்டு கிளறு கிளறினாள். அந்த மாவைப் பழத்தின் மேல் அங்கங்கே அள்ளிப் போட்டாள். ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று முட்டை அளவு, நடுவில் எல்லாம் ஓட்டை. ஓவன்காரருக்குப் பார்க்கவே கை அரித்தது. ஆனால் வெந்து வந்தபோது அந்த ஓட்டைகள் வழியாகச் சிவந்த சாறு கொதித்து மேலே வழிந்திருந்தது. மாவின் மேல்பக்கம் மொறுமொறுப்பாக, கீழ்ப்பக்கம் சாற்றில் ஊறி இருந்தது. மகள் பாத்திரத்தை விரலால் வழித்துத் தின்றாள். அவரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை என்றாலும்.

அப்புறம் கோடை வந்தால் காப்ளர் என்றாகிவிட்டது. தொழிற்சாலைக்கும் டப்பாவில் கொண்டுபோவாள். அக்கம்பக்கத்தில் பேச்சு பரவியது. பேக்கரியில் வேலை செய்பவர் வீட்டுக்கு ஜனங்கள் காப்ளர் சாப்பிட வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் முகத்தில் அந்தச் சில வாரங்கள் மட்டும் ஒரு தெளிச்சி இருக்கும். நடைகூட மாறிவிடும்.

அந்த ஒரு மத்தியானம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

விடுமுறை நாள். அவருடைய தம்பி வந்திருந்தான். மனைவியின் தொழிற்சாலையிலிருந்து கேன்டீன் நடத்தும் அம்மாவும் வந்திருந்தார். பழகியவர், சும்மா வந்திருக்கிறார் என்று ஓவன்காரர் நினைத்தார். மகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். காப்ளர் அப்போதுதான் வெளியே வந்து, சாறு இன்னும் கொதி அடங்காமல், சாப்பாட்டு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. தம்பிக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, இந்த வீட்ல நிஜமான ஓவன்காரர் நீங்கதான் போல. அண்ணன் சும்மா பேருக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேன்டீன் அம்மா, "அதில் என்ன சந்தேகம்?" என்றார். மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு தட்டுகள் எடுக்கக் கூடத்து அலமாரிப் பக்கம் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ஓவன்காரரின் கை போய், நீளவாக்கில் இருந்த அந்தப் பாத்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்தது.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. கேன்டீன் அம்மாவுக்கும் புரியவில்லை. தட்டுகளோடு நின்ற மனைவிக்குப் புரிந்தது. அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. பிறகு எதுவும் நடக்காதது போலப் பரிமாறினாள். எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் ஏற்றினாள். அடுத்த வாரம் வாணலியும் தோசைக்கல்லும் பழையபடி ஓவனுக்குள் போய்விட்டன.

அதற்கு அடுத்த கோடையில் மகள் காப்ளர் கேட்டபோது மனைவி, "இந்த வெயில்ல யாரு ஓவனைப் பத்த வைக்கறது?" என்றாள். அதற்கப்புறம் பழம் சரியில்லை என்றாள். அதற்கும் அப்புறம் முட்டி வலி. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊர் போனாள். முட்டி வலி மட்டும் அப்படியே இருந்தது.

ஓவன்காரர் கல்நெஞ்சர் இல்லை. உறுத்தியது. ஒரு தடவை நல்ல பிளம்ஸாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்தார். அவள் அவற்றைக் கழுவி, கிண்ணத்தில் போட்டு மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான். மன்னிச்சுக்கோ என்ற ஒரு சொல் அவர் நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியது. மன்னிப்புக் கேட்டால் தப்பு செய்தேன் என்றாகிவிடுமே. அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் வேறு: கைப்பழக்கம். ஆயிரம் தட்டு திருப்பிய கை, தன்னால் போய்த் திருப்பிவிட்டது. கைக்கு வீடு எது, கடை எது என்று தெரியுமா? இதை அவர் பல வருஷம் சொல்லிச் சொல்லி, கிட்டத்தட்ட நம்பியும் விட்டார்.

இந்தக் கோடையில் மகள் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்பா. நான் மட்டும்தான். அம்மாவை அந்த பிளம்ஸ் காப்ளர் பண்ணச் சொல்லுங்களேன். நினைச்சாலே நாக்குல தண்ணி ஊறுது."

"நீயே கேளேம்மா."

"நான் கேட்டா முட்டி வலிங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. போனை வைத்தார். மனைவியின் கையால் இன்னொரு தடவை அந்தக் காப்ளர் வராவிட்டால், தான் திருப்பி வைத்தது கடைசி வரை அப்படியே நிற்கும் என்று அவருக்குப் பட்டது. கேட்கவும் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு குறுக்கு வழி யோசித்தார். தானே செய்ய ஆரம்பிப்பது. தடுமாறுவதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது, வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் பாத்திரங்களை ஓவனிலிருந்து இறக்கினார். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். மனைவி கூடத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் இழுபடும் சத்தத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

பழம் வரைக்கும் சரியாகத்தான் போயிற்று. மாவில்தான் சிக்கல். இரண்டு கிளறோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு அழுத்திப் பிசைந்து, மாவைப் பந்தாக்கிவிட்டது. சரி, பிய்த்துப் போடலாம் என்று பார்த்தால், கை சப்பாத்திக் கட்டையை எடுத்துத் தேய்த்துவிட்டது. அவர் சுதாரிப்பதற்குள் மாவு ஒரே விரிப்பாகப் பழத்தின் மேல் படுத்து, ஓரமெல்லாம் கட்டைவிரலால் அமுக்கி, அலை அலையாக மடிப்பு வைத்தாகிவிட்டது. ஒரு பொட்டு இடைவெளி இல்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது. கூடவே, சொல்ல வெட்கம், ஒரு சின்ன ஆறுதலும் வந்தது. பார், கை தன்னால்தான் போகிறது.

"நீ எவ்வளவு ஓட்டை விடுவே?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நீங்க ஓவன்காரர். உங்களுக்குத் தெரியாததா?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அவள் எழுந்து வரவில்லை.

வெந்து வந்தபோது கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம் போல அழகாக இருந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் ஒரு மடிப்பு பிசகவில்லை. துண்டால் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்து, கரண்டியை உள்ளே விட்டார். மேலே ஓடு போல உடைந்தது. கீழே கூழ். ஆவி வெளியேற வழியில்லாமல் மாவின் அடிப்பக்கம் வேகவே இல்லை. அவள் ஏன் ஓட்டை விட்டாள் என்பது ஓவனோடு வாழ்ந்த மனிதருக்கு இப்போதுதான் உறைத்தது.

மனைவி வந்து எதிரில் நின்றாள். அவர் பாத்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்தார். இதுதான் தன் மன்னிப்பு என்று நினைத்தார். சொல் வராத மனிதருக்கு அதுதான் கைவசம் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு கேன்டீன் அம்மா வந்திருந்தாங்களே, எதுக்கு வந்தாங்கன்னு தெரியுமா?"

"சும்மா பார்க்க வந்தாங்கன்னு..."

"கோடை முழுக்க கேன்டீன்ல என் காப்ளர் போடலாம்னு பேச்சு. பேக்கிங்லேர்ந்து என்னை அங்கயே மாத்திக்கறேன்னாங்க. ஒரு தடவை வீட்டுக்கு வந்து சூடா சாப்பிட்டுப் பார்த்து, கையோட முடிவு சொல்றேன்னாங்க. உங்ககிட்ட அவங்க வாயாலயே சொல்லட்டும்னு நான் வெச்சிருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்க சரின்னுதான் சொன்னாங்க. வாசல் வரைக்கும் போய் நான்தான் வேண்டாம்னுட்டேன். வீட்ல இருக்கறவரே குறுக்கே வெச்சதை எப்படிம்மா ஊருக்குப் போடறதுன்னு அவங்ககிட்ட கேட்டேன்."

அப்புறம் ஓய்வு பெறும் வரைக்கும் அவள் பேக்கிங்கிலேயே இருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் புடவையில் அடிக்கும் அந்தப் பொய் மல்லிகை வாசனை அவருக்கு நினைவுக்கு வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேணும்னு பண்ணலைம்மா. சத்தியமா. கைப்பழக்கம். இப்பகூடப் பாரு, மாவை இப்படி மூடணும்னு நானா நினைச்சேன்? கை தன்னால போகுது."

அவள் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"பாத்திரம் அப்பதாங்க ஓவன்லேர்ந்து வந்தது. தொட்டா கொப்பளிச்சிடும். நான் அலமாரிகிட்ட நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். நீங்க எழுந்தீங்க. சமையலறைக்குப் போனீங்க. ஆணியில மாட்டியிருந்த துண்டை எடுத்துட்டு வந்து, ரெண்டா மடிச்சுப் பிடிச்சுதான் திருப்பினீங்க. தன்னால போற கை துண்டு எடுக்க எழுந்து போகுமா?"

அந்தத் துண்டை அவர் மறந்தே போயிருந்தார். மறக்க வேண்டும் என்று மறந்திருந்தார். தம்பியின் கேலி உள்ளே சுட்டதும், இவளுக்கு இவ்வளவு பேரா என்று நினைத்ததும், எழுந்து நடந்த நாலு எட்டும் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த நாலு எட்டில் எந்த எட்டிலும் அவர் நின்றிருக்கலாம்.

"ஆமா" என்றார். "போய்த்தான் எடுத்துட்டு வந்தேன்."

அவள் தலையாட்டினாள். கரண்டியை எடுத்து, மாவை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் பழம் எடுத்துச் சாப்பிட்டாள்.

"பழம் நல்லா இருக்கு" என்றாள்.

"நாளைக்கு அவ வராளே. உன் கையால ஒரு தடவை..."

"இல்லைங்க. கோவத்துல சொல்லலை. ஆசை போயிடுச்சு. அதை எங்கேர்ந்து கொண்டுவர்றது?"

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறையை எட்டிப் பார்த்தாள். மேசைமேல் கிண்ணத்தில் கழுவி வைத்த பிளம்ஸ் மட்டும் இருந்தது.

"அம்மா, காப்ளர் எங்கே? இந்தத் தடவையும் முட்டி வலியா?"

மனைவி வழக்கம்போல முட்டியைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தாள். ஓவன்காரர் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு முட்டி வலியே கிடையாதும்மா. ஒரு நாள் அவ காப்ளரை நான் குறுக்கே திருப்பி வெச்சேன்."

மகள் முதலில் சிரித்தாள். அந்த வீட்டில் அது விளையாட்டுத்தானே. பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.