இருபத்தேழாம் ஸ்லைடின் வயது

எங்கள் லேப் பதிவேட்டில் மார்ச் 19, செவ்வாய்க்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "டாலா முகாம். ஸ்லைடு எண் 27. மா தாண்டா, வயது 34. கடைசி மாதவிலக்கு பத்து நாள் முன். கடைசிக் குழந்தைக்கு வயது 9. ஸ்லைடும் ஃபாரமும் ஒத்துப்போகவில்லை."

யாங்கோனில் ஒரு தனியார் லேபில் பாப் ஸ்மியர் ஸ்லைடுகளை முதலில் பார்ப்பது என் வேலை. கருப்பை வாயிலிருந்து தேய்த்தெடுத்த செல்களைக் கண்ணாடியில் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஓரம் விடாமல் பார்க்க வேண்டும். சந்தேகமானவற்றில் புள்ளி வைத்து டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாதவிலக்கு ஆகும் பெண்ணின் ஸ்லைடில் பெரிய, தட்டையான செல்கள் நிறைய இருக்கும். நின்று சில ஆண்டுகள் ஆனவர்களுக்குச் சிறிய, உருண்டைச் செல்களே மிஞ்சும். 27இல் இருந்தவை உருண்டைச் செல்கள். அவற்றுக்கு நடுவே கருத்துத் தடித்த நியூக்ளியஸ் உள்ள கூட்டங்கள். ஹை கிரேட், அதாவது தீவிரமான மாற்றம். புற்றுநோயாகவும் இருக்கலாம்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்லைடு முனையில் பென்சிலால் எழுதிய எண்ணைப் பார்த்தேன். 26, 28 இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். தவறு லேபில் நடக்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு பர்மியில் கேட்டதையும் நான் சொன்னதையும் தமிழில் தருகிறேன் ('மா' என்பது பெண்கள் பெயருக்கு முன் வரும் பர்மிய மரியாதைச் சொல்):

"ஃபாரத்துல இருக்கிறவளுக்கு ரிப்போர்ட் அனுப்பினா என்ன ஆகும், மா கமலா?"

"அவ வருவா. மறுபடி எடுத்தா சுத்தமா இருக்கும். மொதல் ரிப்போர்ட் தப்புன்னு ஃபைலை மூடிருவாங்க."

"இந்த செல்லுக்குச் சொந்தக்காரி?"

அந்தக் கேள்வியோடுதான் வியாழக்கிழமை காலை, பரிசோதனை முகாம் நடந்த டாலாவுக்குப் படகு ஏறினேன். அக்கரையில் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, ஃபாரத்தில் இருந்த முகவரிக்குப் போனேன். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. வெளியே வந்த பெண்ணின் மணிக்கட்டில் காப்புக் கயிறு. பர்மியில் ஆரம்பித்த நான் தமிழுக்கு மாறினேன். மா தாண்டா என்பது அடையாள அட்டைக்கான பர்மியப் பெயர். வீட்டில் அவள் செல்வி.

"நா டெஸ்டே குடுக்கலையே, சயாமா," என்றாள். லேபில் வேலை பார்க்கும் பெண் யாராக இருந்தாலும் இங்கே சயாமாதான். "தீமிதிக்குக் காப்பு கட்டியிருக்கேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல போயி படுக்கலாமா? கோயில்ல குடுத்த முகாம் டோக்கன் வீணாப் போவுதேன்னு..."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. செல்வியின் கணவருக்கு அக்கா, ருக்மணி.

"என்ன சயாமா, பரீட்சையில நா ஃபெயிலா? எனக்கு அம்பத்தி நாலு. நாப்பத்தொம்பதுக்கு மேல டோக்கன் கெடையாதுன்னாங்க. இவ எழுதின ஃபாரத்தைக் கொண்டு போனேன். ஒரே நாள்ல இருவது வயசு கொறஞ்சு போச்சு!"

முகாமில் ஒருவர் ஃபாரம் வாங்கினார், திரைக்குப் பின்னால் வேறொருவர் சாம்பிள் எடுத்தார். திரைக்குள் எண்ணை மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

"டோக்கன் வீணாகுதுன்னா போனீங்க, அக்கா?"

"வேற எதுக்கு?"

செல்வி தண்ணீர் எடுக்கப் போனதும் அவர் குரல் இறங்கியது. "நின்னு ஆறு வருசம் ஆச்சு. இப்ப நாலு மாசமா அப்பப்ப கறை படுது. தம்பி வீட்டுல இருந்துக்கிட்டு இதை யாருகிட்டம்மா சொல்றது?"

மறுநாளே ஸ்பெஷலிஸ்டிடம் வர வேண்டும் என்றேன்.

"தீமிதி முடியட்டும். இவ விரதம். என் தம்பிக்கு மீன் இல்லாம சோறு எறங்காது. யாரு ஆக்குறது?"

"நேர்ந்துக்கிட்டது அவங்க, அக்கா. நீங்க இல்ல."

தண்ணீரோடு வாசற்படியில் நின்ற செல்வி சொம்பைக் கீழே வைத்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"நீங்க போங்க, அண்ணி. மீன் வேணும்னா அவரு கடையில போயி தின்னட்டும். ஒரு வாரம் வெரதச் சோறு தின்னா செத்தா போயிருவாரு?"

"புருசனைப் பேசுற பேச்சைப் பாரு, காப்பு கட்டிக்கிட்டு!" என்றார் ருக்மணி. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் படகில் வந்துவிட்டார். அன்றே பயாப்சி எடுத்தார்கள். முடிவு: புற்றுநோய், ஆரம்ப நிலை. மே மாதம் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது ஃபாரத்தை என் மேசையில் வைத்துச் சொன்னார்: "எம் பேரு, எம் வயசு. சரியா இருக்கான்னு பாத்துக்கோ." செல்விக்குத் தீமிதி முடிந்தபின் எடுத்த ஸ்மியர் சுத்தமாக இருந்தது.

பழைய பதிவை நான் அடிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் திருத்தம் எழுதித் தேதி போட்டேன். முகாம் நடத்தியவர்கள் இப்போது திரைக்குள்ளும் பெயரையும் வயதையும் கேட்கிறார்கள். வயது வரம்பைக் காட்டி ஒருத்தியைத் திருப்பி அனுப்பும் முன், கறை படுகிறதா என்றும் கேட்கிறார்கள். நான் கற்றது இவ்வளவுதான்: ஸ்லைடும் ஃபாரமும் முரண்பட்டால் ஸ்லைடை நம்பு, பிறகு எழுந்து போய் ஆளைத் தேடு.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதே முகாமில், காப்பு கட்டிய இன்னொரு பெண்ணும் தன் டோக்கனை யாரிடமோ கொடுத்ததாகச் செல்வி சொன்னாள். அது எண் 31 என்பது அவள் நினைவு. ஃபாரத்தில் வயது 38. செல்களும் அந்த வயதுக்குப் பொருந்துகின்றன. ஒத்த வயதுக்காரி மாறிப் படுத்திருந்தால் மைக்ராஸ்கோப் காட்டிக் கொடுக்காது. 31க்கு நார்மல் என்று ரிப்போர்ட் போய்விட்டது. ஃபாரத்தில் பெயர் உள்ள பெண் த்வாண்டே என்ற ஊர்ப் பக்கம் குடிபோய்விட்டாள். அதில் உள்ள ஃபோன் எண்ணில் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. அந்த ஸ்மியர் அவளுடையதுதானா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.