தூங்கிச் சம்பாதித்ததற்கு வரி

மெத்தைக் கம்பெனியில் ஓரம் தைக்கும் அவரைக் கறார் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். பேருந்தில் நடத்துநர் சீட்டுக் கொடுக்க மறந்தால் தேடிப்போய்க் கேட்டு வாங்குகிற ஆசாமி. அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்த வருஷம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தபோது இன்னொரு சம்பளச் சான்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி மெத்தையை விற்கும் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் படுத்துத் தெருவுக்குத் தூங்கிக் காட்டியிருந்தார். அதற்கான கூலி.

"தூங்கினதுக்கெல்லாமா கணக்குக் காட்டுவாங்க? பேசாம விடுங்க" என்றாள் மனைவி. அவர் கேட்டால்தானே!

விடுப்பு எடுத்துக்கொண்டு வரி அலுவலகம் போய்த் திருத்திய கணக்கைக் கொடுத்தார். அங்கிருந்த குமாஸ்தா அம்மா, குப்புறவா மல்லாந்தா என்பது வரை விசாரித்து எழுதிக்கொண்டார். வேலையைப் போட்டுவிட்டு விளக்கம் சொல்ல வருகிறவருக்கு அந்த நாள் கூலியை அலுவலகமே கொடுப்பது அங்கே விதி. வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். கொஞ்ச நாளில் அந்தக் கூலிக்கும் ஒரு சம்பளச் சான்று வந்து சேர்ந்தது.

மறுபடி விடுப்பு, மறுபடி திருத்தம், மறுபடி கூலி. கூலியே வேண்டாம் என்று கும்பிட்டுப் பார்த்தார். ஏன் வேண்டாம் என்று விளக்க இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அதற்கும் கூலி உண்டாம்.

இனி ஒரு விடுப்பு எடுத்தால் வேலை காலி என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்த வேலை. மறுநாள் காலை மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"இந்த ஒரு தடவை போகாதீங்க. யாரும் உங்களைத் தூக்குல போட மாட்டாங்க."

"காட்டாத வருமானத்தை வீட்டுல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

போனார். வேலை போயிற்று. மனைவி அழுது தீர்த்தாள்.

வேலை இல்லாதவருக்குக் கூலி கொடுக்கலாமா என்று குமாஸ்தா அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. இங்கே வருவதுதானே இப்போது இவருக்கு வேலை, அதைப் போட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறார் என்று அவரே தீர்த்தும் வைத்தார். அதன்பிறகு கறார் தினமும் போனார். முந்தின நாள் கூலிக்கு விளக்கம் சொல்லிவிட்டு, அன்றைய கூலியோடு திரும்பினார்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் மனைவியைக் கேட்டாள்.

"வரி கட்டுறாரு."

"அது எல்லாரும் கட்டுறதுதானேக்கா. சம்பளத்துக்கு என்ன பண்றாரு?"

"அதுக்குத்தாம்மா வரி கட்டுறாரு."