முடிக்காகவா, கைக்காகவா

என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. மலேசியாவில் ரவாங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. முடி உலர்த்தும் கருவிக்குள் கம்பி பற்றவைப்பது என் வேலை. எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு தொழிற்சாலை வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, ஒரு காலையில் சூப்பர்வைசர் எங்கள் வரிசைக்கு வந்தார். சீனப் பெண்மணி. எங்களில் ஒருத்தி பெயரையும் அவர் சரியாகச் சொன்னது கிடையாது. என்னைப் பார்த்து விரலை ஆட்டி, "ராம்புட் பாஞ்சாங், மாரி" என்றார். மலாயில், நீள முடிக்காரியே, வா என்று அர்த்தம்.

இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் ஒரு படம் வரைந்து, சாப்பாட்டு அறை வாசலில் தொங்கிய ஆலோசனைப் பெட்டிக்குள் போட்டிருந்தேன். வேலைப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் கழுத்து வலிக்காமல் பற்றவைக்கலாம் என்பது என் யோசனை. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், அளவுகள் எல்லாம் போட்டு, இரண்டாக மடித்துத் திணித்தேன். பள்ளியில் தொழில்நுட்ப வரைபடம் எடுத்த ஒரே தமிழ்ப் பெண் நான்தான். பையன்கள் செய்த கேலியையெல்லாம் தாங்கிப் படித்த பாடம் அது. ஆகவே சூப்பர்வைசர் என்னைக் குளிர்சாதனம் போட்ட வரைபட அறைக்குக் கூட்டிப்போனதும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். எனக்கு அதைவிட அரைக்கரண்டி கூடுதல். அவர் என் பின்னலைக் காட்டி அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். முகர்ந்து பார்த்து, "நோ ஆயில். டுமோரோ, நோ ஆயில்" என்றார். பிறகு ஒரு நாற்காலியையும், சாய்ந்த மேசையையும், கூர் சீவிய பென்சில் ஒன்றையும் காட்டினார். முடியை அவிழ்க்கச் சொன்னவர் பென்சிலை ஏன் கொடுத்தார்? பென்சில் கொடுப்பதற்காகக் கூப்பிட்டவர் முடியை ஏன் அவிழ்க்கச் சொன்னார்? மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்ப வரிசைக்கு என்று சூப்பர்வைசர் சொன்னது மட்டும்தான் தெளிவாகப் புரிந்தது.

அந்த மேசைமேல் இருந்ததுதான் நாங்கள் செய்யவேண்டிய கருவி. பிரயாணம் போகும் பெண்கள் மின்சாரம் இல்லாத இடத்திலும் முடியைச் சுருட்டிக்கொள்ள, பேட்டரியில் ஓடும் சுருட்டி. கைப்பிடிக்குள் பெரிய டார்ச் பேட்டரி நான்கு. முன்னால் இரண்டு விரல் தடிமனில் உலோகக் குழல். அது சூடாகப் பத்து நிமிடம் ஆனது. மூன்று கொத்து முடியைச் சுருட்டுவதற்குள் பேட்டரி செத்துப்போனது. மணிக்கட்டு வலித்தது. மரத் தலையில் ஒட்டிய முடியில் பார்த்தால் கனமும் தெரியாது, சூடும் தெரியாது. அதற்குத்தான் உயிருள்ள தலை தேவைப்பட்டது. "யூ டிராவல், வேர்?" என்று பொறியாளர் கேட்டார். நான் யோசித்துப் பார்த்து, எங்கள் தோட்டம் இருந்த ஊரைச் சொல்லி, "கெர்லிங் டு ரவாங். எவ்ரிடே" என்றேன். அவர் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. மகள் தோட்டத்து ஆபீஸ் கிராணி மாதிரி மேசையில் உட்கார்ந்து படம் வரைகிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். அதே வாயால் என்னைத் திட்டவும் செய்தார். "என்னாடி இது, தலை பரட்டையா கெடக்கு? எண்ணெ வைக்காம போறதுக்கு ஒரு வேலையா? பாக்குறவங்க என்னைத்தான்டி பேசுவாங்க." படம் வரையத்தான் கூப்பிட்டார்கள் என்று நானும் சாதித்தேன். சாதிக்கச் சாதிக்க எனக்கே அது நிச்சயம்போலத் தோன்றியது.

கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே தோட்டத்து முச்சந்திக்கு வரும். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் பெண் ஒருத்தி என் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னைவிட மூன்று வயது இளையவள். எங்கள் தொழிற்சாலையிலேயே வேறு வரிசை. அவள் முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். நெற்றி முடியில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உருளையைச் சுற்றிக்கொண்டு வந்து, ரவாங் பாலம் தாண்டியதும் கழற்றுவாள். மற்ற நேரமெல்லாம் ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எதையாவது கிறுக்கிக்கொண்டே வருவாள். ஒருநாள், "அக்கா, படம் போட்டுத்தான் அந்த ஏர்கோன் ரூமுக்குப் போனீங்களாமே?" என்று கேட்டாள்.

"ஆமா. பெட்டியில போட்டேன். கூப்ட்டாங்க" என்றேன். கொஞ்சங்கூடத் தயங்கவில்லை.

"அப்ப நம்மளும் போட்டா கூப்டுவாங்களா?"

"போட்டுப் பாரு லா. காசா பணமா?"

அவள் உருளையைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த பஸ்ஸில் யாருமே முடி முழுவதையும் சுருட்டவில்லை. பின்னல் பின்னல்தான். சுருள் வேண்டியது நெற்றிக்கும் காதோரத்துக்கும் மட்டும். தோட்டத்துத் திருவிழாவுக்கு முன்னால் பெரிய பெண்கள் உடைந்த குடையின் கம்பியை அடுப்பில் காட்டி, துணியில் துடைத்து, காதோரத்து முடியைச் சுருட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குடைக்கம்பிக்கு எவ்வளவு சூடு வேண்டும்? கண் மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். பொறியாளர் மலைமேல் விளக்கேற்றப் பார்க்கிறார். நமக்கு வேண்டியதோ அகல் விளக்குதான்.

அன்றே வரைந்தேன். சுண்டுவிரல் நீளத்தில், பென்சில் தடிமனில் ஒரு குழல். கைப்பிடிக்குள் சின்ன பேட்டரி இரண்டு. பொறியாளர் வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் அதே அளவில் ஒரு மாதிரி வந்தது. இரண்டு நிமிடத்தில் சூடேறியது. என் நெற்றி முடியில் ஒரு கொத்தை எடுத்துச் சுற்றி, விட்டு, சுருள் துள்ளுவதைப் பார்த்து, "வெரி குட்" என்றார். என் படத்துக்கா, ஆடாமல் உட்கார்ந்திருந்ததற்கா? நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உண்மையான பிரயாணத்தில் எடுத்துப்போய்ப் பார் என்று அவர் அதைக் கொடுத்தனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல சிலாங்கூர் பக்கம் புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். ரவாங்கில் பஸ் மாறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துத் தூங்கிவிட்டேன். கோல சிலாங்கூர் நெருங்கும்போது பஸ்ஸுக்குள் ஒரே கருகல் நாற்றம். கண்டக்டர் கத்திக்கொண்டே ஒவ்வொரு இருக்கையாக முகர்ந்து வந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும், எவளுக்கோ வந்த வினை என்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மடி சுட்டது. பைக்குள் விசை தானாக அமுங்கி, என் பிளாஸ்டிக் சீப்பு உருகிக் குழலைக் கட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை நான் வரைந்தது ஒரு மூடி. மூடியைப் போட்டால் மின்சாரம் அறுந்துவிடவேண்டும். உருகிய சீப்பையும் படத்தோடு மேசையில் வைத்தேன். அன்று பொறியாளர் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார்.

இப்படி நாள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கழுத்தில் டை கட்டிய இரண்டு பேர் வந்தார்கள். என் இரண்டு படங்களும் மேசைமேல்தான் இருந்தன. பொறியாளர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். வந்தவர்களில் ஒருவர் கேமராவை எடுத்து, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, விரித்த முடியோடு பின்னந்தலையைப் படம் பிடித்தார். நான்கு படம். ஒன்றில்கூட என் முகம் இல்லை. வரைந்த காகிதத்தின்மேல் அவர்களில் ஒருவரின் காப்பிக் குவளை உட்கார்ந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அன்று இரவும் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. முடிதானே வேண்டும் இவர்களுக்கு? முடி இல்லாவிட்டால் என்ன செய்வார்கள், அதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மயிரைக் கட்டி மலையை இழுப்பது என்பார்கள். வந்தால் மலை, போனால் மயிர். ஆனால் தோட்டத்துப் பெண் நினைத்த மாத்திரத்தில் முடியை வெட்டிவிட முடியுமா? அதற்கும் வழி இருந்தது. ஐந்து வயதில் எனக்கு அம்மை போட்டு, பிழைத்தால் மொட்டை போடுவதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். பிழைத்துக்கொண்டேன். முடியும் அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. அம்மாவுக்கு மனம் வரவில்லை. வருடா வருடம் திருவிழாவில் மூன்று கொத்தைக் கத்தரித்து, "தாயே, பூமுடியா வாங்கிக்க, மிச்சம் அடுத்த வருஷம்" என்று தவணை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடத் திருவிழாவில் பூமுடிக்கென்று உட்கார்ந்தவள், முடி எடுப்பவரிடம், "முழுசா எடுங்க" என்றேன். அம்மா ஓடிவந்தார். சாமி காரியத்தில் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏன்டி, யாரக் கேட்டு?" என்று மட்டும் கேட்டார். பிறகு கும்பிட்டார், பிறகு அழுதார், பிறகு மறுபடி கும்பிட்டார். மடியில் விழுந்த முடியின் கனம் எனக்கே அன்றுதான் தெரிந்தது. பொய் சொல்லவில்லை, நானும் அழுதேன். அம்மனுக்குக் கொடுத்தேனா, கோபத்துக்குக் கொடுத்தேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் முக்காட்டை எடுத்துவிட்டு வரைபட அறைக்குள் போனேன். பொறியாளர் எழுந்தே நின்றுவிட்டார். "சிக்?" என்று கேட்டார். "நோ. டெம்பள்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். முடிந்தது கதை என்று பென்சிலையும் அளவுகோலையும் ஒழுங்காக அடுக்கி வைத்தேன். வரிசைக்கு நானாகவே நடந்துபோய்விடவேண்டும், சூப்பர்வைசர் கூட்டிப்போகும்படி வைத்துக்கொள்ளக்கூடாது. அதற்குள் அவர் திரும்பி வந்தார். கையில் என் மூடிப் படம், அதில் சிவப்புக் குறிகள். "கேப் டூ டைட். டிரா அகெய்ன்" என்றார். போகிறபோக்கில், "ஹேர், யூ ஃபைண்ட்" என்றும் சொன்னார். முடிக்கு வேறு ஆளை நீயே பிடித்து வா என்று அர்த்தம்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கைக்காகத்தான்! முடியே இல்லாதவளை உட்காரவைத்து வரையச் சொல்கிறார் என்றால் வேறென்ன அர்த்தம்? மூன்று மாதத்துச் சுமை இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நேராக, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் வரிசைக்குப் போனேன். இயந்திரச் சத்தத்தில் பெயர் கேட்காது. தோளிலிருந்து இடுப்புவரை கையால் ஒரு பின்னலை வரைந்து காட்டி, வா என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நடைக்கூடத்தில் என் மொட்டைத் தலையைக்கூட அவள் விசாரிக்கவில்லை. முகமெல்லாம் பூரித்திருந்தது. "எந்தப் படம்க்கா?" என்று கேட்டாள்.

"எந்தப் படம்னா?"

"ஏழு போட்டேன்க்கா பெட்டியில. நீங்க சொன்னீங்கல்ல? எதப் பாத்துட்டுக் கூப்புடுறாங்க?"

ஒவ்வொரு காலையும் என் கண்ணெதிரே அவள் கண்ணாடியில் வரைந்துகொண்டு வந்தாள். நான் பார்த்தது அவள் முடியை. "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசரிடம் போய்ப் பெட்டிச் சாவி கேட்டேன். சாவியா, அது தொலைந்து ரொம்ப நாள் ஆயிற்று, அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

பழைய வரிசையில் ஒரு திருப்புளி வாங்கிவந்து பெட்டியின் கீல்களைக் கழற்றினேன். மேலாக ஏழு காகிதங்கள், நாலாக மடித்தவை. அடியில் மிட்டாய்த் தாள்கள். அதற்கும் அடியில் இரண்டாக மடித்த அட்டை மூடி ஒன்று, நான் திணித்த வாக்கிலேயே மடிப்புக் கலையாமல் கிடந்தது. பிரித்தேன். மேல்தோற்றம், பக்கத்தோற்றம், அளவுகள். அழிப்பானால் நான் தேய்த்த இடம்கூடத் தெரிந்தது. என்னைத் தவிர ஒருவர் கண்ணும் அதன்மேல் பட்டதில்லை.

சொன்ன பேச்சுக் கேளாமல் அவள் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அது யாருதுக்கா?" என்றாள்.

"தெரியல" என்று சொல்லி அதைத் திரும்ப இரண்டாக மடித்தேன். அவமானமாக இருந்தது. அது யாரை நினைத்து வந்த அவமானம் என்று அப்போது புரியவில்லை.

அவளுடைய ஏழு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வரைபட அறைக்குள் போனேன். பொறியாளர் நிமிர்ந்தார். அவர் பார்வை நேராக அவள் பின்னலுக்குத்தான் போனது. அந்தப் பார்வை பின்னல் நுனிவரை இறங்குவதற்குள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் முன்னால் பரப்பினேன். "சார், ஃபர்ஸ்ட் திஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், காகிதங்களைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் தானாகவே பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, நுனி ரப்பரைக் கழற்றப் போனாள். யாரும் அவளை அவிழ்க்கச் சொல்லவில்லை.

"இருடி, அப்புறம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.