மூன்றாவது ஊக்கு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் மகள் சாசேஜ் வைத்த பன் கேட்டாள். வாங்கியதும் அவள் கையில் தராமல், சாசேஜைப் பிய்த்து விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பூண்டுத்தூள் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் எனக்கு மானம் ரோஷம் எதுவும் இருப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரம் ரோட்டில் ஒரு கோழிக்கறி கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், தகர ஷெட்தான். நெஞ்சுக்கறியும் தொடையும் ஓட்டல்களுக்குப் போய்விடும். மிச்சமாகும் கழுத்து, முதுகெலும்பு, தோல், கொழுப்பு எல்லாம் எங்களுக்கு. எலும்போடு மெஷினில் போட்டு அழுத்தினால், ஒட்டிக்கொண்டிருக்கும் சதை இளஞ்சிவப்புக் கூழாக வழியும். அதில் ஐஸ், சோயா மாவு, உப்பு, பூண்டுத்தூள், மசாலா. உறையில் அடைத்து வேகவைத்தால் சாசேஜ். இவ்வளவும் தெரிந்தே அதை ஆசையாகத் தின்றவள்தான் நான்.

தொட்டியில் குனிந்து கூழைக் கிளறி வழிப்பவர் மயிலம் பக்கத்து ராணியக்கா. புருஷன் படுத்த படுக்கை. அக்கா வேலைக்கு வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வளையல், கம்மல் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தாலியைக் கழற்றச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. அந்தக் கயிற்றில் தொங்கும் ஊக்குகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நாங்களும்தான்.

ஒருநாள் டீ நேரத்தில் கயிற்றைத் தடவிய அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மூன்று ஊக்குகளில் ஒன்றைக் காணோம். அதற்குள் கூழ் முழுக்க உறையில் ஏறியிருந்தது.

“சொன்னா அத்தினியும் கொட்டிட்டு என்னையும் நிறுத்திடுவாங்கடி.”

“வூட்லயே எங்கனா வுயுந்திருக்கும்க்கா” என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லாம் சரியா என்று கேட்டபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முந்திக்கொண்டு சரி என்று சொன்னது நான்தான்.

மறுநாள் காலை அக்கா எனக்காகக் கேட்டிலேயே நின்றிருந்தார். “வூடு பூரா பெருக்கிப் பாத்துட்டேன். இல்லடி.”

சரக்கு வண்டி அப்போதுதான் விழுப்புரத்துக்குக் கிளம்பியிருந்தது. பேக்கரிகளுக்கும் ஒரு ஹாஸ்டலுக்கும் போகிற சரக்கு. சொல்லியிருந்தால் ஒரு போன் போட்டு நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எந்தப் புகாரும் வரவில்லை. தின்றவருக்கு எங்கள் விலாசம் எப்படித் தெரியும்?

இப்போது அந்த ஷெட் இல்லை; மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ராணியக்காவைப் பின்னால் ஒருமுறை மயிலம் பஸ்ஸில் பார்த்தேன். கயிற்றில் ஒரு ஊக்குகூட இல்லை. என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னம்மா தேடிக்கினு இருக்க?” என்றாள் மகள்.

ஒன்றுமில்லை, சாப்பிடு என்று கொடுத்தேன். முதல் வாயை அவள் விழுங்கி முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.